சென்னை வீட்டிலிருந்து இன்டர்நெட் போன்: அமைப்பதிலிருந்து பழுது பார்ப்பது வரை

நங்கநல்லூரில் என் அத்தை வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. மகன் துபாயில், மகள் நியூ ஜெர்சியில். போன வருடம் வரை ராத்திரி ஒன்பது மணி ஆனால் அந்த வீட்டில் ஒரே வசனம்தான். “கேக்கறதாடா? விட்டு விட்டு வர்றதே! கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு!”

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “பேசாம 300க்கு மாறிடலாமாடா?” என்றார்.

“வேண்டாம் அத்தை. மாசாமாசம் அந்தக் காசை உண்டியல்ல போடுங்கோ. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்.”

வீடுகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்து, ரூட்டர் மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இன்டர்நெட் வழியாகப் பேசும்போது குரல் உடைகிறது என்று கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அத்தையைப் போல முதலில் வேகத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். போன் பேசுவதற்கு வேகம் அநேகமாகத் தேவையே இல்லை. அது ஏன் என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாவற்றையும் நீங்களே செய்துகொள்ளலாம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கம்பிக்குள் என்ன போகிறது

பழைய போனில், நீங்கள் பேசி முடிக்கும்வரை உங்களுக்கும் எதிராளிக்கும் நடுவே ஒரு பாதையை எக்ஸ்சேஞ்ச் ஒதுக்கி வைத்திருக்கும். இன்டர்நெட்டில் அந்த ஒதுக்கீடு கிடையாது. குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து எண்ணாக்கி, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் விலாசம் ஒட்டித் தனித்தனிப் பொட்டலமாக அனுப்புகிறார்கள். நொடிக்கு 50 பொட்டலம்.

லேண்ட்லைன் தரத்துக்கான ஜி.711 என்ற முறையில் ஒரு பொட்டலத்தில் குரல் 160 பைட், விலாசச் சீட்டுகள் 40 பைட். ஆக 200 பைட். 50 பொட்டலத்துக்கு 10,000 பைட், பைட்டுக்கு 8 பிட், அதாவது நொடிக்கு 80 கிலோபிட். அத்தையின் 200 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 2,00,000 கிலோபிட். கணக்குப்படி ஒரே நேரத்தில் 2,500 பேர் அந்த இணைப்பில் பேசலாம். அத்தை ஒரே ஆள்.

அப்படியானால் குரல் ஏன் உடைகிறது? பொட்டலங்கள் ஒழுங்காக வருவதில்லை, அதனால்தான். அரை மணி நேரம் பஸ்ஸே வராமல், அப்புறம் ஒரே நம்பர் பஸ் மூன்று வரிசையாக வந்து நிற்பதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? எண்ணிக்கையில் பஸ் குறையவில்லை, ஆனால் நமக்குப் பிரயோஜனமும் இல்லை. குரல் பொட்டலமும் அப்படித்தான். நேரம் தவறி வந்ததைப் போன் குப்பையில் போட்டுவிடும். போன வார்த்தையை இப்போது ஒலிக்க முடியாது அல்லவா?

அதனால் மூன்று விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும். ஒன்று, தாமதம். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். இரண்டு, பொட்டலங்கள் முன்னும் பின்னுமாகத் தள்ளாடி வருவது. தொழிலில் இதை ஜிட்டர் என்போம். மூன்று, பொட்டலம் தொலைந்தே போவது. நூற்றுக்கு ஒன்று தொலைந்தால் சமாளிக்கும். ஐந்தாறு தொலைந்தால் கிணற்றுக் குரல்தான்.

தாமதத்தில் ஒரு பகுதியை யாராலும் குறைக்க முடியாது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். துபாய் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர், ஆகவே ஒளிக்கு 15 மில்லிசெகண்ட் போதும். நியூ ஜெர்சி நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். கடலுக்கடியில் சுற்றி வளைத்துப் போகும் கேபிளில் இன்னும் கூடும். மகளோடு பேசும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து, ஒரே நேரத்தில் “நீ சொல்லு” என்று நிறுத்துவது இதனால்தான். அதற்கு எந்த ரூட்டரும் மருந்தில்லை.

முதல் படி: உங்களுக்கு எந்த வகை வேண்டும்

இன்டர்நெட் போன் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது நான்கு வேறு வேறு சமாச்சாரம்.

ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசுவது: வாட்ஸ்அப், சிக்னல் மாதிரி. இரண்டு பக்கமும் அதே ஆப் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதுவே போதும், தனிக் காசும் கிடையாது.

வைஃபை காலிங்: உங்கள் சிம்கார்டு, உங்கள் நம்பர், வழக்கமான டயலர். டவருக்குப் பதிலாக வீட்டு வைஃபை வழியாக அழைப்பு போகும், அவ்வளவுதான். எதிராளி சாதாரண பட்டன் போன் வைத்திருந்தாலும் பேசலாம்.

ஃபைபர் லேண்ட்லைன்: பிராட்பேண்ட் பாக்ஸின் பின்னால் இருக்கும் போன் துளையில் பழைய ரிசீவரைச் செருகி 044 நம்பரில் பேசுவது. பார்வைக்கு லேண்ட்லைன், உள்ளே முழுக்க இன்டர்நெட்.

நான்காவது, எஸ்ஐபி: இன்டர்நெட்டில் அழைப்பை இணைத்து முடித்துவைக்கும் பொது விதிமுறை. இது ஆபீஸ்களுக்கு. ஒரே நம்பரில் பத்து மேஜைக்கு எக்ஸ்டென்ஷன், அம்பத்தூரில் ஒரு மேஜை, மேற்கு மாம்பலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஒரு மேஜை என்று பிரித்துக்கொள்ளலாம்.

சட்டம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2002 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் இன்டர்நெட் வழிப் பேச்சுக்கு அனுமதி உண்டு. ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசுவதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் இன்டர்நெட்டிலிருந்து இந்தியாவுக்குள் சாதாரண போன் நம்பருக்கு அழைப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உரிமம் பெற்ற நிறுவனங்களின் வேலை. ஸ்கைப் கூட 2014 நவம்பரில் இந்தியாவுக்குள்ளேயே மொபைலுக்கும் லேண்ட்லைனுக்கும் பேசும் வசதியை நிறுத்தியது. (2025 மே மாதம் ஸ்கைப்பே மூடப்பட்டது. பத்து வருடத்துக்கு முன் பாட்டி தாத்தாக்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க நான் பட்ட பாடு வீணாய்ப் போயிற்று.) யாராவது உங்களிடம் வந்து, “வீட்டுல ஒரு பெட்டி வெச்சு அதுல நிறைய சிம் போட்டுக்கறோம், மாசம் வாடகை தர்றோம்” என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது திருட்டு எக்ஸ்சேஞ்ச். போலீஸ் வந்தால் முதலில் பிடிபடுவது வீட்டுக்காரர்தான்.

இரண்டாம் படி: கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா

புது ஆப், புது ரூட்டர் என்று எதையும் வாங்கும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள். லேப்டாப்பை வைஃபையில் இணையுங்கள். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் ஆங்கிலத்தில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு, மைனஸ் குறியோடு என் என்ற எழுத்து, இடைவெளி, 100, மறுபடி இடைவெளி, கடைசியாக ரூட்டரின் விலாசம். பெரும்பாலான வீடுகளில் அது 192.168.1.1. ரூட்டரின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். என்டர் தட்டுங்கள்.

இது உங்கள் லேப்டாப்பிலிருந்து ரூட்டர்வரை 100 தடவை போய் வரும். வீட்டுக்குள்ளேயே இருப்பதால் ஒன்றிலிருந்து ஐந்து மில்லிசெகண்டுக்குள் திரும்ப வேண்டும். முடிந்ததும் அதே வரியில் கடைசி விலாசத்தை மட்டும் 8.8.8.8 என்று மாற்றி ஓட்டுங்கள். இது கூகுளின் சர்வர்வரை வெளியே போய்த் திரும்பும்.

ரூட்டர்வரையே எண்கள் தாறுமாறாகக் குதித்தால் கோளாறு உங்கள் வைஃபையில். ரூட்டர்வரை சீராக இருந்து, 8.8.8.8 மட்டும் குதித்தால் கோளாறு வெளி லைனில். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் கஸ்டமர் கேரில் நீங்கள் பேசும் தோரணையே மாறிவிடும். “நெட் ஸ்லோவா இருக்கு” என்று சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். “ரூட்டர்வரை ரெண்டு மில்லிசெகண்ட், வெளியே போனா நூத்துக்கு ஏழு பாக்கெட் போயிடுது” என்றால் ஆளை அனுப்புவார்கள்.

அத்தை வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஓட்டினேன். 2, 2, 3, 2. அழகு. “எங்கே உட்கார்ந்து பேசுவீங்க அத்தை?” என்றேன். கொல்லைப்புற அறைக்கு அழைத்துப்போனார். அங்கே ஜன்னல் காற்று வரும், துளசி மாடம் தெரியும். அங்கே ஓட்டியபோது 4, 9, 212, 6, 340, அப்புறம் பதிலே வரவில்லை என்று இரண்டு வரி. ரூட்டர் எங்கே என்று பார்த்தால், ஹாலில் கோத்ரெஜ் பீரோவின் பின்பக்கம். இரும்பு பீரோ, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவே ஃபிரிட்ஜ். அத்தனையையும் தாண்டி வந்த சிக்னலுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் படி: வைஃபையைச் சரி செய்வது

ரூட்டரை வெளிப்படையாக, ஆள் உயரத்தில், பேசும் இடத்துக்குக் கிட்டே வையுங்கள். பீரோ, டிவி, மீன் தொட்டி இவற்றின் பின்னால் ஒளிக்காதீர்கள். அழகுக்காக ரூட்டருக்கு மரப்பெட்டி செய்து போட்ட வீடும் பார்த்திருக்கிறேன். பெட்டி நன்றாகவே இருந்தது.

பெரும்பாலான வீட்டு வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல். அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஸ்ட்டைத் திறந்தால் இருபது பேருடைய ரூட்டர் தெரியும். அத்தனையும் இதே சின்னப் பாதையில் முட்டிக்கொள்கின்றன, மைக்ரோவேவ் அடுப்பும் சேர்ந்து. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டத் திணறும், ஆனால் இடம் தாராளம். ரூட்டர் இருக்கும் அறையிலேயே பேசுகிறவர் 5 எடுங்கள். 2.4 தான் வழி என்றால் ரூட்டர் அமைப்பில் சானலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். ஒன்றோடொன்று மோதாதவை இவை மூன்றும்தான்.

அத்தை வீட்டில் பாக்ஸை நகர்த்த வேண்டுமானால் ஃபைபரை நீட்ட வேண்டும். அதற்குப் பதில் சுவரோரமாக 15 மீட்டர் கேட்-6 கேபிள் இழுத்து, கொல்லை அறையில் இரண்டாவது வைஃபை பெட்டி ஒன்றை மாட்டினேன். எக்ஸ்டெண்டர் என்று கம்பியில்லாமல் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சாதனம் மலிவாகக் கிடைக்கும். வீடியோ பார்க்கச் சரி, பேசுவதற்கு எனக்குப் பிடிக்காது. காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே கொடுப்பதால் தடுமாற்றம் கூடும். கேபிள் இழுக்க வழி இருந்தால் கேபிள்தான்.

மறுபடி ஓட்டினேன். 2, 3, 2, 2.

நான்காம் படி: ஆப் அமைப்பு

வாட்ஸ்அப்பை ஏற்றத் தெரியாதவர் யாரும் இல்லை, அதை விடுகிறேன். ஆனால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, போன் அடிக்கவே இல்லை என்ற புகார். நிறைய ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்புகளைத் தூங்கவைத்துவிடும். அழைப்பு வந்து போனபின் மிஸ்டு கால் மட்டும் தெரியும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் அந்த ஆப், அதில் பேட்டரி என்று போய்க் கட்டுப்பாடு இல்லை என்ற தேர்வை வையுங்கள்.

இரண்டாவது, டேட்டா. குரலை நன்றாகச் சுருக்கி அனுப்பும்போது ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 40 கிலோபிட் என்று வைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்த்து நிமிடத்துக்கு 0.6 எம்பி, மணிக்கு 36 எம்பி. தினம் 1.5 ஜிபி பிளானில் நாள் முழுக்கப் பேசினாலும் தீராது. வீடியோவைத் திறந்தால்தான் கணக்கு வேறு. சிக்னல் மோசமான இடத்தில் வாட்ஸ்அப்பின் டேட்டா பகுதியில், அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்ற தேர்வைப் போட்டுப் பாருங்கள். வீடியோவை அணைப்பது அதைவிட நல்ல மருந்து.

மூன்றாவது, எதிர்ப்பக்கத்து நாடு. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பதிவு செய்த குரலை அனுப்பலாம், அழைப்பு மட்டும் போகாது. அங்கே அனுமதி பெற்ற ஆப்புகள் இருக்கின்றன. நம் ஊர்க்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது போட்டிம். துபாயில் இருப்பவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே சென்னையிலும் ஏற்றுங்கள். விபிஎன் (வேறு ஊரிலிருந்து வருவதுபோலக் காட்டும் வசதி) போட்டுத் தடையைத் தாண்டிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாட்டிக்கொண்டால் வேலைக்கே ஆபத்து.

ஐந்தாம் படி: வைஃபை காலிங்

கீழ்த்தள வீடு, நாலாபக்கமும் கட்டடம், டவர் ஒரு புள்ளி. தி.நகர் சந்துகளில் இது சகஜம். ஓடிபிக்காக மொட்டை மாடிக்கு ஏறும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை காலிங்கைக் கொண்டுவந்தன. போன் செட்டிங்ஸில் சிம் பகுதியில் வைஃபை காலிங் என்று ஒரு பட்டன் இருக்கும், அதைப் போட்டால் போதும். உள்ளூர் அழைப்புக்குத் தனிக் கட்டணம் கிடையாது, உங்கள் பிளானிலேயே சேரும்.

வேலை செய்கிறதா என்று சந்தேகமாக இருந்தால்: ஏரோபிளேன் மோடைப் போடுங்கள். டவர் போய்விடும். அதன்பின் வைஃபையை மட்டும் திரும்பப் போட்டு யாரையாவது கூப்பிடுங்கள். அழைப்பு போனால் சரி.

ஆறாம் படி: பழைய ரிசீவரை ஃபைபரில் மாட்டுவது

வயதானவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. திரை இல்லை, சார்ஜ் இல்லை, கையில் எடுத்தால் பேசலாம். ஃபைபர் பாக்ஸின் பின்னால், நெட்வொர்க் கேபிள் துளைகளைவிடச் சின்னதாக, போன் படம் போட்ட துளை இருக்கும். பழைய போன் வயரை அதில் செருகுங்கள். டயல் டோன் வந்தும் நம்பர் போகவில்லை என்றால் போனைத் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பக்கத்திலோ பி, டி என்று இரண்டு ஆங்கில எழுத்து போட்ட சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதை டி பக்கம் தள்ளுங்கள். பி என்பது பழைய சுழற்றும் போன் காலத்துத் துடிப்பு முறை, பல பாக்ஸ்களுக்கு அது புரியாது.

இன்னொன்று. 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலைக் கூப்பிட முன்னால் 0 போட வேண்டும். அத்தை தன் டைரியில் இருந்த ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறார்.

பாக்ஸில் போன் துளை இல்லாமல், எஸ்ஐபி கணக்கு மட்டும் இருந்தால் ஏடிஏ என்ற சின்னப் பெட்டி தேவை. ஒரு பக்கம் நெட்வொர்க் கேபிள், மறுபக்கம் போன் வயர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வாங்கும்போது எஃப்எக்ஸ்எஸ் துளை, அதாவது போனைச் செருகும் துளை, உள்ளதா என்று பாருங்கள். எஃப்எக்ஸ்ஓ என்பது வேறு, அது வெளி லைனை உள்ளே வாங்குவது. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், அதனால் மாற்றி வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்கள் உண்டு. நானும் ஒரு தடவை நின்றேன்.

ஏழாம் படி: ஆபீஸுக்கு எஸ்ஐபி

உரிமம் பெற்ற நிறுவனத்திடம் நம்பர் வாங்கியதும் உங்களுக்கு நான்கு விவரம் தருவார்கள்: பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் விலாசம், போர்ட். போர்ட் வழக்கமாக 5060. பூட்டுப் போட்டு அனுப்பும் டிஎல்எஸ் முறை என்றால் 5061. கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ லின்ஃபோன், ஸோய்ப்பர் போன்ற இலவச சாஃப்ட்போனை (போன்போல வேலை செய்யும் ஆப்) ஏற்றி இந்த நான்கையும் போட்டால் பதிவாகிவிட்டது என்று வரும். தனியாகச் சாதனம் வாங்கும் முன் ஒரு வாரம் இப்படியே ஓட்டிப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கடவுச்சொல்லை எளிதாக வைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று வைத்திருந்த ஒரு கடை எனக்குத் தெரியும். இன்டர்நெட்டில் 5060 போர்ட்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பதற்கென்றே நிரல்கள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு சனிக்கிழமை ராத்திரி யாரோ உள்ளே புகுந்து விடியும்வரை வெளிநாட்டுக்குப் பேசித் தீர்த்துவிட்டார்கள். பில் கடைக்காரர் தலையில். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் நம்பர் வாங்கும்போதே அதை அடைக்கச் சொல்லுங்கள்.

இப்போது ராயப்பேட்டையில் ஓர் அச்சகம். உள்ளே வரும் அழைப்பு ஒவ்வொன்றும் அரை நிமிடத்தில் அறுந்தது. முதலாளி இரண்டு வாரம், “விலையைச் சொன்னதும் கட் பண்ணிடறாங்க சார்” என்று வாடிக்கையாளர்கள்மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். சரியாக 32 நொடி. அடுத்ததும் 32.

எஸ்ஐபி வேலை பார்த்தவருக்கு இந்த எண் போதும். நீங்கள் எடுத்ததும் உங்கள் போன் “எடுத்துவிட்டேன்” என்று ஒரு செய்தி அனுப்பும். அதற்கு “தெரிந்தது” என்று எதிர்ப்பக்கம் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து 32 நொடியில் கைவிட்டுவிடும். அந்த அளவு எஸ்ஐபி விதியிலேயே இருக்கிறது. அச்சகத்தில் அந்தப் பதில் வந்துசேரவில்லை. காரணம், ரூட்டரில் இருந்த எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி. செய்திக்குள் இருக்கும் விலாசத்தை உதவி செய்வதாக நினைத்துத் திருத்தும், பல ரூட்டர்களில் தப்பாகத் திருத்தும். ரூட்டர் அமைப்பில் அதை அணைத்தேன். அடுத்த அழைப்பு 11 நிமிடம் போயிற்று, பேரம் பேசினார்கள்.

எட்டாம் படி: கரண்ட்

இதை யாரும் யோசிப்பதில்லை. பழைய செப்புக்கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் அடிக்கும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்ட் வராது. பாக்ஸ் அணைந்தால் லேண்ட்லைனும் செத்துவிடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை மின்தடை வரும் நாளில் இது தெரியும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இன்வெர்ட்டர் இருந்தால் பாக்ஸின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கும். பாக்ஸின் அடாப்டரில் என்ன வோல்ட் போட்டிருக்கிறதோ அதே வோல்ட் வாங்க வேண்டும், பெரும்பாலும் 12. பெட்டியில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது 3.7 வோல்ட் செல் கணக்கு, அதாவது 37 வாட்-மணி. பாக்ஸ் 10 வாட் எடுத்தால், சேதாரம் போக மூன்று மணி நேரம் தாங்கும். ஃபைபர் பாக்ஸும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, நெட் வரவில்லையே என்று கூப்பிட்டவர்கள் பட்டியல் நீளம்.

பேசும்போது வரும் கோளாறுகள்

என் குரலே எனக்குத் திரும்பக் கேட்கிறது என்றால் தப்பு உங்கள் போனில் இல்லை. எதிராளியின் ஸ்பீக்கரில் வந்த உங்கள் குரலை அவருடைய மைக் மறுபடி பிடிக்கிறது. அவரைச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது ஹெட்செட் போடச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால், ஆப்பாக இருந்தால் மைக் அனுமதியைப் பாருங்கள். எஸ்ஐபியாக இருந்தால் மறுபடி அந்த ஏஎல்ஜிதான் முதல் குற்றவாளி. அதை அணைத்தும் சரியாகவில்லை என்றால் சாஃப்ட்போனில் ஸ்டன் என்ற தேர்வைப் போடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் போனுக்குத் தன் வெளி விலாசம் என்ன என்று கேட்டுச் சொல்லும் ஏற்பாடு அது.

வங்கிக்குப் பேசும்போது 1-ஐ அழுத்தினால் ஏற்கவில்லை என்றால் சாஃப்ட்போனில் டிடிஎம்எஃப் என்ற இடத்தில் ஆர்எஃப்சி 2833 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கப்பட்ட குரலுக்குள் பட்டன் ஒலி சிதைந்துவிடும். இந்தத் தேர்வு அதைத் தனிச் செய்தியாக அனுப்பும்.

மற்ற நேரம் நன்றாக இருந்து, யாராவது கல்யாண வீடியோவை ஏற்றும்போது மட்டும் உடைந்தால் அது வரிசைக் கோளாறு. உங்கள் சின்னப் பொட்டலம் அந்தப் பெரிய மூட்டைகளுக்குப் பின்னால் ரூட்டரில் நிற்கிறது. ரூட்டரில் க்யூஓஎஸ் என்ற, எது முதலில் போகலாம் என்று வரிசைப்படுத்தும் வசதி இருந்தால் குரலுக்கு முன்னுரிமை கொடுங்கள். இல்லாவிட்டால் பேசி முடித்தபின் வீடியோவை ஏற்றச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கை

இன்டர்நெட் அழைப்பில் தெரியும் நம்பரை நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை +91 நம்பர் போலக் காட்ட முடியும். அதைத் தடுக்கத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் தனி ஏற்பாடு கொண்டுவந்தது. ஆனால் ஆப் அழைப்புகள் அந்த வடிகட்டிக்குள் வராது. போலீஸ் சீருடையில் வீடியோ காலில் வந்து, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், போனை வைக்கக் கூடாது என்றால் உடனே வைத்துவிடுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

அவசரத்துக்கு ஆப்பை நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பிலிருந்து 108-ஐக் கூப்பிட முடியாது. கரண்ட் இல்லாதபோது ஃபைபர் லேண்ட்லைனும் கை கொடுக்காது. வீட்டில் ஒரு சாதாரண மொபைல் சார்ஜோடு இருக்கட்டும். அத்தை வீட்டில் அது டெலிபோன் மேஜையில், ரிசீவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே சுவரில் காலண்டர் அட்டையில் பெரிதாக 108, 112 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே அத்தை தன் கையெழுத்தில் என் நம்பரையும் சேர்த்துவிட்டார், முன்னால் சிவப்புப் பூஜ்யத்தோடு.